சீனி போடாத கஞ்சி

உயிரியல் ஒரு மனப்பாடப் பாடம் என்று சொல்லாதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. கணிதப் பிரிவுத் தோழிகள் அதைக் கேலியாகச் சொல்வார்கள். நாங்கள் பெருமூச்சோடு ஒத்துக்கொள்வோம். உயர்தரத்துக்குள் நுழைந்த கொஞ்ச நாளிலேயே காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம் என்று நான்கு பெருந்தலைப்புகள் வந்து நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் நீளமான ஒரு பெயர்ப்பட்டியல். அதை வர்ண மைகளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி, சுபஹுக்குப் பிறகு பத்துத் தடவை வாசித்தால் பரீட்சைக்குப் போதும். நானும் அப்படித்தான் படித்தேன். நல்ல புள்ளியும் எடுத்தேன். அந்தப் புள்ளியை நினைத்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

காரணம் என் உம்மம்மா.

அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். கடந்த ரமழானில் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டே நோன்பு பிடித்தார். மிகவும் பேணுதலாக இருந்தார். பிளேன்டீக்குச் சீனி இல்லை, வட்டிலப்பத்தின் பக்கம் திரும்பவில்லை, பேரீச்சம்பழத்தைக்கூட ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் கஞ்சி மட்டும் தினமும் இரண்டு கோப்பை. "கஞ்சிக்கு ஒரு கரண்டி சீனிகூடப் போடல்லயே மகள்" என்பார். இரண்டாவது கோப்பையை ஊற்றிக் கொடுத்தது பெரும்பாலும் நான்தான். மாப்பொருள் என்பது குளுக்கோசின் பல்பகுதியம் என்று விடைத்தாளில் எழுதியவளும் நான்தான். இரண்டும் ஒரே விடயம் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பெருநாள் முடிந்து கிளினிக் வந்தது. வழக்கம்போல் இரண்டு நாள் முன்பிருந்தே உம்மம்மா வாயைக் கட்டினார். இந்த முறை வைத்தியர் எச்.பி.ஏ.வன்.சி என்ற பரிசோதனையைச் செய்யச் சொன்னார். 6.5 வீதம் வந்தாலே நீரிழிவு என்று கொள்ளப்படும் பரிசோதனை அது. உம்மம்மாவுக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் ஊசிதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வீடு வரும்வரை உம்மம்மா பேசவேயில்லை.

அன்றிரவு புத்தகத்தை மறுபடி திறந்தேன். பெயர்களை விட்டுவிட்டு, படங்களில் அணுக்களுக்கிடையே போடப்பட்டிருக்கும் சின்னக் கோடுகளைப் பார்த்தேன். அந்தக் கோடுகள்தாம் பிணைப்புகள். அவற்றைத்தான் நான் இதுவரை படிக்காமல் இருந்திருக்கிறேன்.

நாம் தேநீரில் போடும் சீனி சுக்குரோசு. ஒரு குளுக்கோசும் ஒரு பிரற்றோசும் இணைந்த இருசக்கரைட்டு. அது உடைந்தால் பாதிதான் குளுக்கோசு. அரிசியின் மாப்பொருளோ முழுக்க முழுக்கக் குளுக்கோசு, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கோத்த சங்கிலி. ஒவ்வொரு பிணைப்பு உண்டாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. நாம் உண்டதும் நொதியங்கள் அந்த நீரைத் திருப்பிச் சேர்த்துச் சங்கிலியை அறுக்கின்றன. சங்கிலியாக இருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து நன்றாக மென்றுகொண்டே இருந்து பாருங்கள், உமிழ்நீரிலுள்ள அமைலேசு வேலை செய்து மெல்ல இனிக்கத் தொடங்கும். கஞ்சியை யார் மெல்லுகிறார்கள்? அது நேரே இறங்கிவிடுகிறது. அதோடு நிறையத் தண்ணீரில் நெடுநேரம் வேகும்போது, மாப்பொருட் சங்கிலிகளை ஒன்றோடொன்று இறுக்கிவைத்த ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்து அரிசி குழைகிறது. நொதியத்துக்கு வேலை இன்னும் இலகு.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் அணியும் வெள்ளைப் பர்தா பருத்தியென்றால் அதுவும் குளுக்கோசுதான். செலுலோசில் அடுத்தடுத்த குளுக்கோசுகள் ஒன்றைவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி வளையாமல் நேராகப் போகிறது. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதியம் நம்மிடம் இல்லை. ஒரே குளுக்கோசு, பிணைப்பின் திசை மாறியதால் ஒன்று சோறு, மற்றது துணி. காலையில் தண்ணீர் தெளித்து அயன் பண்ணும்போது செலுலோசுச் சங்கிலிகளுக்கிடையிலான ஐதரசன் பிணைப்புகளைத்தான் பிரித்துப் புதிதாக அமைக்கிறோம்.

உம்மம்மாவின் பரிசோதனையும் ஒரு பிணைப்பின் கதைதான். இரத்தத்தில் மிஞ்சும் குளுக்கோசு, நொதியத்தின் உதவி இல்லாமலே ஈமோகுளோபினோடு பங்கீட்டுவலுப் பிணைப்பால் ஒட்டிக்கொள்கிறது. செங்குழியம் வாழ்வது ஏறத்தாழ 120 நாட்கள். அதுவரை அந்த ஒட்டு பெரும்பாலும் விடாது. ஆகவே இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் பதிந்திருக்கும். இரண்டு நாள் வாயைக் கட்டி அதை அழிக்க முடியாது.

பெயர்களே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பெயர் தெரியாமல் எதையும் பேச முடியாது, வினாத்தாளும் அவற்றைக் கேட்கத்தான் செய்யும். நேரம் போதாது என்பதும் உண்மை. ஆனால் எங்கே பிணைப்பு, எது உடைகிறது, எது உடையாமல் நிற்கிறது என்று கேட்டுப் படித்தால் பாதிப் பெயர்கள் தாமாகவே மனதில் நின்றுவிடுகின்றன. முட்டை அவிக்கும்போது பெத்தைட்டுப் பிணைப்பு உடைவதாக எழுதிப் புள்ளி இழந்த தோழிகள் எனக்கு உண்டு. மடிப்பைத் தாங்கும் வலிமை குறைந்த பிணைப்புகள் குலைகின்றன, அமினோ அமிலச் சங்கிலி அப்படியே இருக்கிறது. அடுப்படியில் ஒரு முட்டையைப் பார்த்துப் படித்திருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது.

பெற்றோரிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். மகள் உயிரியல் எடுத்தால் டொக்டராக வருவாளா என்று கேட்கிறீர்கள். புள்ளி எத்தனை என்று கேட்கிறீர்கள். இன்றைக்குப் படித்ததில் நம்ம வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது இருந்ததா என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால், எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது கோப்பை நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். சீனி வருத்தம் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. சீனியை மட்டும் ஒதுக்கினால் போதும் என்று நம்பவைக்கிறது.

"அந்த ஊசி மருந்தைக் குளிசையாத் தரக்கூடாதா?" என்று போன வாரம் உம்மம்மா கேட்டார். இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான ஒரு சிறிய புரதம். "இறைச்சியைச் செமிக்கிற மாதிரி வயிறு அதையும் செமிச்சிடும் உம்மம்மா" என்றேன். சிரித்துவிட்டார். இப்போது எதைக் கண்டாலும் விசாரணைதான்.

"மரவள்ளியிலயும் அந்தச் சங்கிலிதானா?"

"ஓம் உம்மம்மா."

"பிட்டுல?"

"பிட்டுலயும்."

"பலாக்கொட்டை?"

"அதிலயும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு அளவு என்னண்டு சொல்லு." அதற்கு விடை என் புத்தகத்தில் இல்லை. அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்பதற்காகக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.