நடுக்கடலில் நிற்கும் இயந்திரம்

வடபுலக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து மாணவர் ஒருவர் எமக்குக் கடிதம் வரைந்துள்ளார். தந்தையாரின் படகிலுள்ள பழைய வெளியிணைப்பு இயந்திரம் நன்றாகவே தொடங்குகின்றதாம். ஆயினும் கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் தளர்ந்து நின்றுவிடுகின்றதாம். புதிய காபரேற்றர் வாங்க வேண்டுமெனச் சிலர் கூறுகின்றனர். அது மெய்தானா என்பது அவர் வினா.

வினா சிறிதாயினும் அதன் பின்னே ஒரு குடும்பத்தின் சீவனம் நிற்கின்றது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது கடற்றொழிலாளர் பட்ட பாட்டை வாசகர் அறிவர். வேண்டாத உறுப்பொன்றை வாங்கிவிட்டு வருந்த அவர்களால் இயலாது. அன்றியும், பாக்கு நீரிணையில் இயந்திரம் நின்ற படகு நீரோட்டம் இழுத்த வழியே செல்லும். 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த கடலெல்லை அலையின்மேல் வரையப்பட்டிருப்பதில்லை. ஆகவே கரையிலேயே குறையைக் கண்டறிதல் நன்று.

முதலிற் பார்க்கவேண்டியது எரிபொருட் டாங்கியின் மூடி. பம்பு குழாயினுள் அமுக்கத்தைக் குறைக்க, வளிமண்டல அமுக்கமே எரிபொருளை மேலே தள்ளுகின்றது. தொறிசெல்லியின் பரிசோதனையைக் கற்ற மாணவர் இதனை எளிதில் உணர்வர். மூடியிலுள்ள காற்றுத் திருகு திறவாதிருப்பின் தாங்கியுள் அமுக்கம் குறைந்துகொண்டே போகும். இயந்திரம் சில நிமிடம் ஓடிப் பின் பட்டினியால் நிற்கும். மூடியைத் தளர்த்தும்போது 'உஸ்' என்று காற்று உட்புகுந்தால் காரணம் அகப்பட்டது எனலாம்.

அடுத்தது குழாயின் இடையிலுள்ள றப்பர்க் குமிழ். அதன் அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருத்தல் வேண்டும். அதனைப் பலமுறை அமுக்க, காபரேற்றர் நிரம்பிக் குமிழ் இறுகவேண்டும். இறுகாவிடின் எங்கோ காற்று உட்புகுகின்றது, அல்லது குமிழின் வால்வு பழுது, அல்லது காபரேற்றரின் மிதவை ஊசி மூடாமல் எரிபொருள் வழிகின்றது. ஓடும்போது குமிழ் சப்பையாகி அப்படியே கிடந்தால் தாங்கிப் பக்கத்தில் அடைப்புளது. பழைய குழாயின் உட்புறம் உரிந்து வழியை மறைப்பதும் உண்டு. வெளியே பார்க்க அது நல்ல குழாயாகவே தோன்றும்.

இனி, மாணவரின் வினாவுக்கு விடை தரும் சோதனை. ஆழங்குறைந்த நீரிற் படகைக் கட்டி இயந்திரத்தை ஓட்டுக. அது தளரத் தொடங்கும் வேளையில் குமிழைத் தொடர்ந்து அமுக்குக. உடனே உயிர்பெற்று ஒழுங்காக ஓடுமாயின் காபரேற்றர் மீது குற்றமில்லை. குறை பம்பில், அல்லது அதற்கு முன்னுள்ள வழியில் இருக்கின்றது. அமுக்கியும் பயனில்லையேல் காபரேற்றரையோ தீப்பொறியையோ ஆராயலாம்.

பம்பினுள்ளே இயந்திரத்தின் அமுக்க மாற்றத்தால் அசையும் மெல்லிய சவ்வொன்றுளது. வயது முதிர, அது விறைத்துப்போகும் அல்லது கிழியும். அதனை மாற்றுதல் காபரேற்றர் வாங்குவதினும் மிகச் சிறு செலவு.

தண்ணீரும் ஒரு பகைவனே. தாங்கியின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஆறவிடுக. தண்ணீர் இருப்பின் அடியிற் படியும். கோடு பிரிந்து தெரியும். அவ்வாறாயின் தாங்கியைக் கழுவி, வடியையும் துப்புரவாக்குக.

மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போர் நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்டுதல் வேண்டும். இல்லையேல் மறுநாட் காலை தொடங்குவது அரிதாகும்.

ஓர் எச்சரிக்கை: பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது, படகின் அடியிற் கண்ணுக்குப் புலனாகாது தங்கி நிற்கும். இவ்வேலை நடக்கும் இடத்திற் சுருட்டும் விளக்கும் வேண்டா. குறை தீர்ந்தபின்னும் துடுப்பும் நங்கூரமுமின்றிக் கடலேறலாகாது.

திருகிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதற்குக் காசு வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். மாணவர் தம் தந்தையாருடன் இருந்து இவற்றைச் செய்து பார்த்து, கண்டதை எமக்கு எழுதுவாராக.