லைப்போசக்‌ஷன்: தொப்பை குறையும்... சுகர் குறையுமா?

'ஜிம் வேண்டாம், டயட் வேண்டாம், ஒரே நாளில் கொழுப்பை உறிஞ்சி எடுத்துடலாம்' என்ற ரேஞ்சில் ரீல்ஸ் குவிகின்றன. உடல் பருமனால் தவிப்பவர்கள் இதை நம்பி இஎம்ஐ போடலாமா? வேண்டாம்.

லைப்போசக்‌ஷன் எடுப்பது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை மட்டும்தான். சுகர், இதய நோய்க்கு அதிகம் வழிவிடுவது வயிற்றுக்குள், கல்லீரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு. அங்கே இந்தக் குழாய் போகாது.

2004-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பருமனான 15 பெண்களிடமிருந்து தலா சுமார் 10 கிலோ கொழுப்பு அகற்றப்பட்டது. 10 முதல் 12 வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் செயல்பாடு, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி முன்னேற்றம் இல்லை!

ரிஸ்க்கும் உண்டு. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் உடலின் நீர்ச்சமநிலை குலையலாம். ரத்தக்கட்டியோ கொழுப்புத் துகளோ நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

அப்போ என்னதான் வழி? உணவு, உடற்பயிற்சி, டாக்டர் பரிந்துரைக்கும் மருந்து. அதிலும் பலனில்லை என்றால் பேரியாட்ரிக் சர்ஜரி. ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-ஐத் தாண்டினாலே அதைப் பரிசீலிக்கலாம் என்கிறது 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அதிலும் ரிஸ்க் உண்டு. ஆனால், சுகர் கட்டுப்பாட்டுக்கு வரவும் அது உதவுகிறது.

எடை சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் கரையாத கொழுப்புக்கு லைப்போசக்‌ஷன் ஓகே. அது உடலின் வடிவத்தைத் திருத்தும் சிகிச்சை. பருமன் என்ற நோய்க்கு மருந்தல்ல.