பூனைக்குப் பாற்சோறு போதுமா?

வீட்டில் வளரும் வாயில்லாப் பிராணிக்கு, நாம் உண்ணும் உணவிலேயே ஒரு பிடியை ஒதுக்கி இடுவது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். அன்பின் அடையாளமாகிய இவ்வழக்கம் போற்றத்தக்கதே. எனினும், நாம் இடுவது எதுவாயினும் அப்பிராணிக்கு ஆகாரமாகிவிடும் என்று எண்ணுதல் தவறு. எதை உண்டு வாழ்வது என்பதை ஒவ்வோர் உயிரின் குடலும் முன்னரே நிர்ணயித்துவிட்டது. இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள் பூனையின் உணவும், அதன் வயிற்று நலமும் ஆகும்.

நமது முன்னோர் வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலை நாடி வந்து, மூங்கில் தட்டிச் சுவர் எழுப்பிய லைன் வீடுகளில் குடியேறினர். அரிசியும் கேழ்வரகும் இருந்த வீட்டில் எலியும் இருந்தது; எலி இருந்த வீட்டிற்குப் பூனையும் வேண்டியிருந்தது. அப்பூனைக்கு நமது பாட்டிமார் ஒரு வாய் பாற்சோறு வைத்தனர். அதை உண்டே அது கொழுகொழுவென்று வளர்ந்ததாக நாம் இன்றும் நம்புகின்றோம். உண்மை அதுவன்று. பாற்சோறு அதற்குச் சிற்றுண்டி. எலியே அதன் உணவு. ஓர் எலியினுள் தசை உண்டு, ஈரல் உண்டு, இருதயம் உண்டு, மெல்லிய எலும்பும் உண்டு. பூனையின் உடலுக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்தச் சிறு உடலிலேயே அடங்கியிருந்தன.

இன்று நிலைமை மாறிவிட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், பல குடும்பங்கள் பெங்களூருக்கும் வேறு ஊர்களுக்கும் பெயர்ந்தன. அங்குள்ள மாடிக் குடியிருப்புகளில் பூனை வெளியே செல்வதில்லை. ஸ்கெலட்டனிலும் ஏனைய லைன்களிலும் தங்கியிருப்போருள் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். காலையில் வைத்த சோறு மாலைக்குள் புளித்துவிடுகின்றது. எலிக்கோ இப்பொழுது விஷம் வைக்கின்றோம். விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் மாண்டுபோகக் கூடும். ஆக, எலி போயிற்று. பாற்சோறு மட்டும் எஞ்சி நிற்கின்றது. இதனால் விளையும் கேட்டையே நாம் உணர்தல் வேண்டும்.

பூனையின் குடல் அதன் உடல் நீளத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளமுடையது. புல் மேயும் ஆட்டிற்கோ அது இருபது மடங்கிற்கும் மேற்பட்டது. குறுகிய குடல் இறைச்சிக்கு உரியது. மாவுப்பொருளை அது நன்கு செரிக்கவல்லதன்று. சோற்றின் மாவை வாயிலேயே கரைக்கத் தொடங்கும் பொருள் நமது உமிழ்நீரில் உண்டு, பூனையின் உமிழ்நீரில் இல்லை. இனிப்பை அறியும் நாவுணர்வும் அதற்கு இல்லை என்பதை 2005-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். காரட்டிலும் கீரையிலும் உள்ள சத்தை நாம் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கின்றோம். பூனையால் அது இயலாது.

இவற்றினும் முக்கியமானது டாரின் என்னும் சத்து. இது தசையிலும் மீனிலும் உள்ளது. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. இது குறைந்தால் பூனையின் விழித்திரை கெட்டுக் குருடாகும் என்பது 1975-இல் தெளிவாயிற்று. இக்குறைவால் இருதயம் வீங்கித் தளர்வதையும், டாரின் கொடுத்தால் அந்நோய் தணிவதையும் 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர் கண்டனர். ஆதலின், ஆண்டுக்கணக்கில் தயிர்ச்சோறு மட்டுமே உண்ட பூனை சுவரில் முட்டிக்கொண்டால், அதை முதுமை என்று விட்டுவிடலாகாது.

பாலைப் பற்றியும் ஒரு சொல். தாய்ப்பால் மறந்த பூனைகளுள் பலவற்றிற்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, விளைவு பேதி. பேதி கண்டதும், "வயிறு சரியில்லை, பால் மட்டும் கொடுப்போம்" என்று மேலும் பால் வார்ப்பது நோயை வளர்ப்பதாகும். பருக வேண்டியது தூய நீரே.

வெளிநாடுகளில் வாழும் நம் மக்கள் சிலரது இல்லங்களில் ஃபெரட் என்னும் பிராணியையும் காணலாம். கீரியைப் போன்ற நீண்ட உடலுடைய இது, முயல் வேட்டைக்கென ஐரோப்பாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பழக்கப்பட்டு வந்தது. பூனைக்குக் கூறிய விதி இதற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஆதலின் அடிக்கடி சிறிது சிறிதாக இறைச்சி உணவு வேண்டும். பழமும் பிஸ்கோத்தும் ஆகா. ரப்பர்த் துண்டுகளை விழுங்கிக் குடலை அடைத்துக்கொள்வதும் இதன் இயல்பு. இதைக் கண்டு ஊரிலுள்ள பிள்ளைகள் கீரியைப் பிடித்து வளர்க்க ஆசைப்படலாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகும்.

இனி, எளிய குடும்பத்தார் செய்யக்கூடியது யாது? கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இருதயம், கல்லீரல், இரைப்பை ஆகியவற்றை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு இன்றி வேகவைத்துக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிப்பவை. டாரின் நீரில் கரைந்துவிடும். ஆகவே வேகவைத்த நீரையும் கொட்டாமல் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். ஈரல் சிறிதளவே போதும். தினமும் மிகுதியாகக் கொடுத்தால் எலும்பு நோய் உண்டாகும். நெத்திலி போன்ற சிறு மீனை முள்ளும் மசியுமாறு வேகவைத்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பச்சை மீன் சிலவற்றில் ஒரு வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு; வேகவைத்தால் அது நீங்கும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதை இடவே கூடாது. சோறு சேர்த்தே ஆக வேண்டுமெனில், இறைச்சி பெரும்பங்காகவும் சோறு சிறு பங்காகவும் இருக்கட்டும். புலால் சமைக்காத இல்லத்தார், டாரின் சேர்த்துத் தயாரித்த பூனை உணவைக் கடையில் வாங்கி இடலாம். நாய்க்கென விற்கும் உணவு பூனைக்குப் போதாது.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு நாள் உண்ணாத பூனைக்கு, குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆண் பூனை மண்ணில் அமர்ந்து முக்கி முக்கி எழுந்தால், மலச்சிக்கல் என்றெண்ணி விளக்கெண்ணெய் புகட்டுவோர் உளர். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பாக இருக்கக்கூடும். ஒரு நாள் தாமதமும் உயிரைப் போக்கும். காய்ச்சலுக்கென்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய விஷம். அரை மாத்திரையும் கொடுக்கலாகாது.

நமது பாட்டிமார் இட்ட பாற்சோற்றில் குறையேதுமில்லை. எலியைத் தேடிக்கொள்ளும் சுதந்திரம் அன்று பூனைக்கு இருந்தது. கதவடைத்து வளர்க்கும் நாம் அச்சுதந்திரத்தை எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டவர், அதற்கு ஈடான உணவைத் தருவதே முறை. அன்பர்கள் இன்றிரவு பூனையின் தட்டை ஒரு முறை உற்றுநோக்குவார்களாக. அதில் சோறும் பாலுமே இருப்பின், நாளை முதல் அதில் ஒரு துண்டு இருதயமோ, ஒரு கைப்பிடி நெத்திலியோ சேரட்டும்.