சொல் பட்டியலை விற்பவர்களிடம் பிள்ளையின் ஆங்கிலத்தை ஒப்படைக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர், போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் எல்லோரும் பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

"பரீட்சைக்கு வரக்கூடிய ஆயிரம் ஆங்கிலச் சொற்கள்" என்று போட்டோகொப்பி அடித்து, பின் குத்தி, நம் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். வாப்பா கடலுக்குப் போய் உழைத்த காசில் பிள்ளை அதை வாங்கி இரவிரவாகப் பாடமாக்குகிறது. அட்ரஸ் என்றால் முகவரி, டேபிள் என்றால் மேசை, சென்டன்ஸ் என்றால் வசனம். பிறகு ஒரு பந்தியைக் கொடுத்தால், அமைச்சர் பாராளுமன்றத்தில் சட்டமூலத்தை 'டேபிள்' பண்ணினார் என்று வருகிறது. பிள்ளை மேசையைத் தேடுகிறது. அங்கே அதற்குச் சமர்ப்பித்தல் என்று பொருள். நீதிமன்றச் செய்தியில் 'சென்டன்ஸ்' தண்டனை. பிரச்சினையை 'அட்ரஸ்' பண்ணுவது என்றால் அதைக் கவனித்துத் தீர்க்கப் பார்ப்பது. பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். பரீட்சை எடுப்பவர் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கேள்வி போடுவதில்லை.

இந்த வியாபாரத்தை நாம் ஏன் எதிர்க்கிறோம் என்றால், இதைவிட நல்லதும் மலிவானதும் கண் முன்னால் கிடக்கிறது. டெய்லி நியூஸ் 1918இலிருந்து வருகிறது. டெய்லி மிரர் இருக்கிறது, ஐலண்ட் இருக்கிறது. கடதாசி விலை ஏறியபின் பேப்பர் விலையும் ஏறியது உண்மை. ஆனால் இந்தப் பத்திரிகைகளின் இணையத்தளங்களைப் போனிலேயே வாசிக்கலாம். டிக்டொக்குக்குப் போடுகிற டேட்டாவில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குப் போகாது.

"பேப்பர் கஷ்டம் சேர், ஒன்றும் விளங்குதில்லை" என்பார்கள். ஆசிரியர் தலையங்கத்தில் தொடங்கினால் யாருக்குத்தான் விளங்கும்? வானிலையில் தொடங்குங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரையான கடற்பரப்பு என்று நம் ஊர்ப் பெயரே எத்தனை தரம் வருகிறது! காற்று எத்தனை கிலோமீற்றர், இடைக்கிடை எவ்வளவு கூடும், கடல் கொந்தளிக்குமா, மீனவர்கள் அவதானமாக இருக்க வேண்டுமா. கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் மேலில் பட்டதும் சொல்லிவிடுகிற பிள்ளைக்கு 'கஸ்ட்', 'ரஃப்', 'விஜிலன்ட்' என்ற சொற்களைப் பாடமாக்கத் தேவையில்லை. பொருள் அதற்கு ஏற்கெனவே தெரியும், ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. அதோடு அந்த அறிவித்தல் கிட்டத்தட்ட ஒரே வசனங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சொல் மனதில் நிற்பது அப்படித் திரும்பிப் பார்க்கும்போதுதான்.

அடுத்தது கடற்படைச் செய்தி. கற்பிட்டி என்ற பெயர் ஆங்கிலப் பேப்பரில் எதற்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். பீடி இலை, கடலட்டை, கேரள கஞ்சா. (டொல்பினும் வரும், அது வெள்ளைக்காரனுக்கு.) தலைப்பில் 'ஹெல்ட்' என்று இருந்தால் கைது. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள், இனி நடக்கப்போவதற்கு 'டூ' போடுவார்கள். இந்த இரண்டும் பிடிபட்டால் தலைப்புகளில் பாதி திறந்துவிடும். அதே செய்தியை முதலில் வீரகேசரியிலோ தினகரனிலோ வாசித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். நாளைக்கு ஐந்து சொல் போதும், ஆனால் சொல்லைத் தனியாக எழுதாமல் முழு வசனத்தையும் கொப்பியில் எழுதுங்கள்.

இன்னொரு வாதமும் உண்டு. நிர்வாக சேவைப் பரீட்சையைத் தமிழில் எழுதலாமே, ஆங்கிலம் எதற்கு என்பது. எழுதலாம், அது நம் உரிமை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்றபோது நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. தமிழில் பரீட்சை எழுதிச் சட்டத்தரணியாகிற பிள்ளை அவற்றை யாரிடம் கொடுத்து வாசிப்பிக்கும்?

பரீட்சையை விடுங்கள், அருவக்காட்டை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. 2019இல் கொழும்புக் குப்பை நம் பக்கம் வந்தது. நாம் வீதியில் நின்று 'குப்பை' என்றோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'சனிட்டரி லேண்ட்ஃபில்'. சனிட்டரி என்றால் சுகாதாரமானது! குப்பையிலிருந்து கசியும் அழுக்கு நீருக்கு 'லீச்சேட்' என்று பெயர். களப்புக்கு ஆபத்து என்று ஆங்கிலப் பேப்பருக்கு ஒரு கடிதம் எழுத அந்த ஒரு சொல் தேவை. எந்த ஆயிரம் சொல் பட்டியலிலும் அது இருக்காது.

இதே கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கசற்றியர் எழுதி 1834இல் வெளியிட்டார். அன்று இந்தக் கரையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர் இந்தக் கரையைச் சேர்ந்தவர். இன்று நம்மைப் பற்றி யார் யாரோ எழுதுகிறார்கள், நாம் அதை வாசிப்பதுகூட இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்ததும் பெரிய பெனர் அடிக்கிறீர்கள், நல்லது. அந்தக் காசில் ஒரு பங்கை எடுத்து ஒரு தமிழ்ப் பேப்பரும் ஒரு ஆங்கிலப் பேப்பரும் கிழமைக்கு மூன்று நாளாவது போடுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளைகள் சும்மாதான் நிற்கிறார்கள். சத்தமாக வாசித்துக் காட்ட எங்களில் ஒருவர் முறைபோட்டு வருவோம், ஒரு சதமும் வேண்டாம். பெண் பிள்ளைகளுக்கு மத்ரஸாவிலோ பாடசாலையிலோ அதே நேரத்தில் வைக்கலாம்.

வாசித்து முடிந்த பேப்பரைக் கருவாடு சுற்றக் கொடுத்துவிடாதீர்கள். பாடசாலைக்கு அனுப்புங்கள், வகுப்பில் வெட்டி ஒட்ட எங்களுக்கு வேண்டும்.