திரிஃப்ட் பிடித்தம்

சென்ற வாரம் எண்ணூரில் என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். தகரப் பெட்டி ஒன்றிலிருந்து அவளுடைய தகப்பனாரின் சம்பளச் சீட்டுகள் கட்டுக் கட்டாக வந்தன. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்தவர் அவர். 1974-ம் வருஷத்துச் சீட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தாள் பேத்தி.

"ஆயா, 'திரிஃப்ட்'னு போட்டுப் பத்து ரூபாய் பிடிச்சிருக்காங்களே, அப்படின்னா என்ன?"

இங்கிலீஷிலேயே படிக்கிற பெண் கேட்கிறாள்! பள்ளிக்கூடமே போகாத ஆயா, "அது சொசைட்டிப் பணம்டி" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

வாஸ்தவம்தான். இங்கிலீஷ்காரர்களே இன்று அதிகம் புழங்காத அந்தப் பழைய வார்த்தை, நம் ஊர்த் தொழிலாளிகள் வீட்டில் குடியிருந்திருக்கிறது. 'சிக்கன நாணயச் சங்கம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்து, அங்கத்தினர் பேரில் வட்டியோடு சேர்த்து வைப்பார்கள். கல்யாணம், பிரசவம் என்றால் கடனும் கிடைக்கும். கூட வேலை செய்கிறவர்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுவார்கள். நாணயத்தை நம்பித்தானே கடன்!

இந்த மாதிரி வார்த்தைகளின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 'பட்ஜெட்' என்றால் ஆதியில் சின்னத் தோல் பை, பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது. நம் பாட்டியின் இடுப்புச் சுருக்குப்பைதான், போங்கள்! 'ரேஷன்' லத்தீனில் கணக்கு. உலக யுத்த காலத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 1952-ல் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் வார்த்தை போகவில்லை. 'நியாய விலைக் கடை' என்று பலகை மாட்டியிருந்தாலும் நாம் ரேஷன் கடைக்குத்தானே போகிறோம்? சர்க்கார்கள் செலவைக் குறைக்கும்போது சொல்லும் 'ஆஸ்டெரிட்டி' கிரேக்க வார்த்தை. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு வறளுமே, அந்தத் துவர்ப்பு.

'திரிஃப்ட்' மட்டும் வேறு ஜாதி. அதற்குத் தாய்ச் சொல்லின் பொருள் செழித்து வளர்வது. குறைப்பது அல்ல, தழைப்பது!

இதைச் சொன்னதும் சிநேகிதி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"நைனாவுக்குப் பத்து ரூபாய் பிடிச்சாங்க. ரிடையர் ஆனபோது வட்டியோட திருப்பிக் கொடுத்தாங்க. அம்மாவுக்கு எவ்வளவு பிடிச்சாங்கன்னு எந்தச் சீட்டிலேயும் இல்லையே! மீன் குழம்பு வைச்சா துண்டெல்லாம் நைனாவுக்கும் எங்களுக்கும். அம்மா கடைசியிலே சட்டியை வழிச்சுச் சோத்தைப் பிசைஞ்சுக்குவாங்க. 'எனக்குக் குழம்புதான் பிடிக்கும்'னு சொல்வாங்க. நாங்களும் நம்பினோம். சோகைன்னு ஆஸ்பத்திரியிலே படுத்தப்புறம்தான் எங்களுக்கு உறைச்சுது."

சகோதரிகளே, இது எண்ணூர்ச் சமாசாரம் மட்டுமா? சிக்கனம் என்றதும் நம் கை முதலில் போவது நம் தட்டுக்குத்தான். குழந்தைக்குப் பால் வேண்டும், அவருக்குத் தயிர் வேண்டும், நமக்கு மோர் போதும். விலை ஏறினால் மோரும் வேண்டாம். இதற்குக் குடும்பமே 'கெட்டிக்காரி' என்று பட்டம் வேறு கொடுக்கிறது!

எரியும் விளக்கை அணையுங்கள். பழைய புடவையில் தலையணை உறை தையுங்கள். மாதக் கணக்கை எழுதுங்கள். அதெல்லாம் சிக்கனம். வீட்டில் ஒருத்தி மட்டும் குறைத்துக்கொண்டு, அதை மற்றவர்களுக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டால் அது சிக்கனமாகாது. எதுவும் தழையாத இடத்தில் திரிஃப்ட் ஏது? குறைக்கத்தான் வேண்டுமென்றால் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். எல்லார் தட்டிலும் கொஞ்சம் குறையட்டும்.

அன்று மத்தியானம் சிநேகிதி வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு. வழக்கம்போல் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அவள் நின்றாள். பேத்தி எழுந்து போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து, அதில் முதலில் ஒரு மீன் துண்டைப் போட்டாள்.

"உட்காரு ஆயா, இனிமே உனக்குப் பிடித்தம் கிடையாது!" என்றாள்.