ஆசிரியர் புறப்படுகிறார், வகுப்பை ஏற்பவர் யார்?

மாலைதீவுக்கோ பிற நாட்டுக்கோ ஆசிரியர் ஒருவர் பணிக்குப் புறப்படுகிறார் என்றதும், ‘காசாசை பிடித்து ஓடுகிறார்’ என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் திண்ணைத் தீர்ப்பு வழங்குவோர் உளர். வழக்கை விசாரியாது வழங்கப்படும் அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

நம்மவர் ஆபிரிக்காவுக்குச் சென்ற வரலாறு என்ன? 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி இன்றேல் சம்பள உயர்வு இல்லை என்றனர். அதனை எதிர்த்த கோடீஸ்வரன் வழக்கு 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றதை வாசகர் அறிவர். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்தது. கூடிய புள்ளி பெற்ற தன் மாணவன் வாயிலுக்கு வெளியே நிற்கக் கண்ட ஆசிரியன் எந்த நம்பிக்கையில் இங்கே இருப்பான்? 1964 இல் விடுதலை பெற்றபோது சாம்பியாவில் இருந்த சுதேசப் பட்டதாரிகள் ஏறக்குறைய நூறு பேரே. நைஜீரியா 1976 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி அளிக்க முனைந்தது. அந்நாடுகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டனர்; நம்மவர் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் தங்கையர் திருமணமும் தம்பியர் கல்வியும் நடந்தேறின. 1986 இல் நைராவின் மதிப்பு சரிந்தபோதுதான், சம்பளம் எந்த நாணயத்தில் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படும் ஒரு வரியின் அருமை புரிந்தது. இன்று புறப்படுவோரும் அவ்வரியை வாசித்த பின்னரே கையொப்பமிடுக. வழக்கறிஞர் ஆலோசனைதான், இதற்குக் கட்டணமில்லை.

2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, அரசாங்கமே 14/2022 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடாமல் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரச ஊழியருக்கு வழி திறந்தது. டொலர் வேண்டியவர்கள் கதவைத் திறந்தார்கள், நல்லது. ஆனால் வெறுமையாகும் வகுப்பறைக்கு யார் பொறுப்பு? வெள்ளவத்தைப் பெற்றோர் அடுத்த ஒழுங்கையிலேயே தனியார் வகுப்பைக் கண்டுகொள்வர். பரந்தனில் நெல் விதைக்கும் கமக்காரன் தன் மகளை எங்கே அனுப்புவான்? 1987 இன் 13 ஆம் திருத்தம் பாடசாலைக் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்திடம் ஒப்படைத்தது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 இல் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தாது ஆளுநரே ஆண்டமையால், கமக்காரன் முறையிட ஓர் உறுப்பினரும் இல்லாது போயிற்று.

ஆகவே எமது கோரிக்கை ஆசிரியரைத் தடுப்பதன்று. விடுமுறைக் கடிதம் கையளிக்கப்படும் நாளிலேயே பதில் ஆசிரியரின் நியமனக் கடிதமும் எழுதப்படல் வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் தத்தம் பாடசாலையில் ஆசிரியரின்றிக் கிடக்கும் பாடங்களை நிரற்படுத்தி, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புக. பிரதியொன்றை இப்பத்திரிகைக்கும் அனுப்புக.