திருக்கடையூர் போகிறவர்கள் தரங்கம்பாடியிலும் இறங்குங்கள்

எங்கள் ஆமத்தூரிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வருஷம் தவறாமல் வேன் பிடித்துத் திருக்கடையூர் போகிறார்கள். அறுபதாம் கல்யாணம், எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். சாமி கும்பிட்ட கையோடு திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரு சுற்று. இந்தச் சுற்றில் திருக்கடையூருக்கும் காரைக்காலுக்கும் நடுவே தரங்கம்பாடி இருக்கிறது. வேன் அங்கே நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால், "அண்ணாச்சி, அங்க என்ன இருக்கு? ஒரு கோட்டை, கொஞ்சம் கடல், அம்புட்டுத்தானே" என்கிறார்கள்.

நான் காரைக்கால்காரன். படித்தது பிரெஞ்சு மீடியம். அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, மகள் குடும்பத்தோடு இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்து சேர்ந்தவன். அந்த "அம்புட்டுத்தானே"வுக்குப் பதில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. அதிலும் சிவகாசிப் பக்கத்துக்காரர்கள் அந்த ஊரைத் தாண்டிப் போவது நியாயமே இல்லை என்பது என் கட்சி. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊரைச் சுற்றிப் பார்ப்போம்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வெள்ளையடித்த ஒரு வாசல் வரும். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. உச்சியில் அவர்கள் ராஜாவின் முத்திரை. அதைக் கடந்தால் நேராகக் கடலை நோக்கி ஓடும் ராஜ வீதி. இரண்டு பக்கமும் கனத்த தூண்களும் ஆள் உயரச் சன்னல்களுமாகப் பழைய வீடுகள். இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தால் 1701-ல் கட்டிய சீயோன் கோயில், 1718-ல் கட்டிய புது எருசலேம் கோயில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுக்க, டென்மார்க் வியாபாரிகள் கட்டியது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 225 வருஷம் ஆண்டபின், 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இரண்டு ஊரைச் சேர்த்து விற்ற கிரயம் அது! கிரயப் பத்திரங்களோடு காலம் தள்ளிய எனக்கு அந்தத் தொகையைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

கோட்டைக்கு வடக்கே அலை அடிக்கும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. நம் மதுரைப் பாண்டியன்தான். கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்றிருக்கிறது. பழைய கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியும் இந்த ஊரைக் கடுமையாக அடித்தது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கோயில் வரை வருவதில்லை. நம் ஆட்கள் அவசியம் வர வேண்டும்.

இனி காரணத்துக்கு வருகிறேன்.

1706 ஜூலையில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே வந்து இறங்கினார். டென்மார்க் ராஜா அனுப்பிய ஆள்தான். ஆனாலும் உள்ளூர் டேனிஷ் அதிகாரிக்கு அவரைப் பிடிக்காமல் போய், நாலு மாதம் சிறையில் இருந்தார். மணலில் எழுதித் தமிழ் கற்றார். அச்சு இயந்திரம் வேண்டும் என்று எழுதினார். லண்டனிலிருந்து 1711-ல் இயந்திரத்தோடு ஒரு கப்பல் கிளம்பியது. பிரேசில் கரையில் அந்தக் கப்பலைப் பிடித்தவர்கள் யார் தெரியுமா? நான் யாருடைய பாஷையில் படித்தேனோ அந்தப் பிரெஞ்சுக்காரர்கள்தான்! கூட வந்த அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது.

தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதமோ பற்றாக்குறை. ஆகவே இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. தமிழில் முதல் அச்சு இது அல்ல. கொல்லத்தில் 1578-லேயே தம்பிரான் வணக்கம் வந்துவிட்டது. ஆனால் எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு என்று அக்கம்பக்கத்திலேயே ஒரு தொழிலாக வேர் பிடித்தது தரங்கம்பாடியில்தான்.

பள்ளிக்கூடத்தில் சேன், லுவார், கரோன், ரோன் என்று பிரான்ஸ் தேசத்து நதிகளை மூச்சு விடாமல் ஒப்பித்தோம். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருந்த இந்தப் பட்டறை எந்தப் பாடத்திலும் வரவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கும் அவரவர் ஊரைப் பற்றி அவ்வளவுதான் தெரிகிறது.

இப்போது சிவகாசியை நினைத்துப் பாருங்கள். 1920களில் இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு வேண்டும். இப்படித்தான் வெடியோடு சேர்ந்து அச்சும் வளர்ந்து, தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கும் காலண்டரெல்லாம் இங்கிருந்து போகும் நிலை வந்தது. காகிதத்தையும் மையையும் நம்பிச் சாப்பிடும் ஊர்க்காரர்களுக்குத் தரங்கம்பாடி ஒரு வகையில் பாட்டன் வீடு. பாட்டன் வீட்டு வாசலோடு வேனில் போகலாமா?

பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது என்பது இன்னொரு கட்சி. தரங்கம்பாடியில் சீகன்பால்கு இருந்த வீட்டை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பழைய கவர்னர் பங்களாவைப் புதுப்பிக்க டென்மார்க் தேசிய அருங்காட்சியகம் வரை வந்து கைகொடுத்தது. ஏன் வந்தார்கள்? அங்கே அவர்கள் பாட்டன்மார் பெயர் இருக்கிறது, அதனால் வந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் சிவகாசியின் பழைய அச்சுக்கு எந்தத் தேசத்திலிருந்தும் யாரும் வரப்போவதில்லை. இங்கே உழைத்தவர்களெல்லாம் நம் ஆட்கள். நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? கல் அச்சு நடந்த காலத்துக் கல் ஒன்றை ஒரு வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன், மங்கலாக ஏதோ ஒரு லேபிளின் படம். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் இயந்திரம் ஒன்று எடை போட்டு இரும்புக் கடைக்குப் போனதையும் பார்த்தேன். ஈய எழுத்துகளையும் உருக்கி விற்றுவிட்டார்களாம்.

"இதையெல்லாம் வைத்து என்ன செய்ய, சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். கூலி வேலைக்காரர்கள் நிறைந்த ஊரில் முதல் செலவு அருங்காட்சியகத்துக்கு ஆகாது. நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஒரு பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ ஒரே ஒரு அறை போதும். ஒரு டிரெடில், ஒரு கல், கொஞ்சம் ஈய எழுத்து, பழைய லேபிள் ஒட்டிய ஒரு ஆல்பம். எழுத்துக் கோத்தவர்கள், லேபிள் ஒட்டியவர்கள் பெயரை எழுதி மாட்ட ஒரு போர்டு. ராஜா முத்திரை நமக்கு வேண்டாம்; அந்தப் பெயர்கள் போதும்.

அந்த அறை வரும்வரை நம்மால் ஆகக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. என் வயசுக்காரர்கள் வீட்டுப் பரணில் பழைய காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் நிச்சயம் கிடக்கும். அடுத்த போகிக்குப் பேரப்பிள்ளைகள் அதை அள்ளிக் கொளுத்துவதற்கு முன்னால் இறக்கிப் பாருங்கள். எந்த வருஷம், எந்த அச்சகம், யார் வேலை பார்த்தது என்று ஞாபகம் இருப்பதைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். இது தெரிந்தவர்கள் நம்மோடு சரி.